வடக்கே வேலை கிடைத்த டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

காலாண்டு விடுமுறைக்குத் தென்காசி போய்விட்டுப் பென்னாகரம் திரும்பியதும் நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மதுரையில் ஒரு பஸ், சேலத்தில் ஒரு பஸ், தருமபுரியில் ஒரு பஸ் என்று மாறி மாறி வந்து, வாடகை வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டதும் அழுகை வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் ஒரு கேள்வி. "சார், இந்த ஊர் எப்போ நம்ம ஊர் மாதிரி ஆகும்?"

பதிலை உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஆண்டுதோறும் இதே கேள்வியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தெற்கேயிருந்து எத்தனையோ பேர் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல். அதற்கு வெகு முன்பே தருமபுரிக்கு வந்து, இங்கேயே பணி ஓய்வும் பெற்றேன்.

கலந்தாய்வு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெற்கு மாவட்டங்களின் காலிப் பணியிடங்கள் முன்வரிசையில் இருப்பவர்களோடு தீர்ந்துவிடும். பிறகு திரையில் மிச்சம் நிற்பவை தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம். உங்கள் முறை வரும்போது யோசிக்க நேரமிருக்காது. ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, அது எங்கே இருக்கிறது என்று போனில் தேடுவீர்கள். சேர்ந்த அன்றைக்கே மூத்தவர்கள் கேட்பார்கள்: "எப்பம்மா மாறுதல் போடப் போறே?" அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி வகுப்பறைச் சுவரைத் தாண்டிப் பிள்ளைகள் காதுக்கும் போகும். ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர், ஏழாம் வகுப்பில் ஆறு மாதம் யாருமில்லை, பிறகு தற்காலிகமாக ஒருவர், பிறகு நீங்கள் என்று பார்த்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். "நீங்களும் போயிடுவீங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டதாக எழுதியிருந்தீர்களே, அவள் கேட்டதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

போகமாட்டேன் என்று அவளிடம் பொய் சொல்ல வேண்டாம். மாறுதல் உங்கள் உரிமை. வயதான அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். நாளை திருமணம், குழந்தை என்று வாழ்க்கை எங்கே இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. மனமொத்த மாறுதலுக்கு ஆள் கிடைத்தால் போங்கள், ஒரு குறையும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். இங்கே இருக்கும் வரைக்கும் பாதி ஆளாக இருக்காதீர்கள். பாதி மனத்தோடு இருப்பவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் வாரத்தில் நல்ல பொழுது. அப்படி வாழ்வது உங்களுக்கே கொடுமை.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தருமபுரியில் தங்கி முப்பது கிலோமீட்டர் போல தினம் பஸ்ஸில் வந்து போகலாமா, பென்னாகரத்திலேயே இருக்கலாமா என்று. பென்னாகரத்திலேயே இருங்கள். தங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகத் தருமபுரியில் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கு இன்னும் அந்தக் கட்டாயம் இல்லை. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் டீச்சருக்கு, நாலரை மணிக்குப் பிறகு இந்த ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது. வாரச் சந்தைக்குப் போங்கள். ராகி மாவு அங்கேயே வாங்குங்கள். களி கிண்டக் கற்றுக்கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். நாம் தெற்கே களியை இப்படித் தினச் சாப்பாடாகச் சாப்பிடுவதில்லை. இங்கே அது பலருக்கு இராச்சோறு. கீரைக் குழம்போடு களி சாப்பிட்டு வந்த பிள்ளையின் பசியையும், வெறும் டீ குடித்துவிட்டு வந்த பிள்ளையின் பசியையும் பிரித்தறிய உங்களுக்கு அது உதவும்.

இப்போது, பிள்ளைகளின் பற்களைப் பற்றி.

சேர்ந்த முதல் வாரத்திலேயே கவனித்திருப்பீர்கள். சில பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை இருக்கும். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு முதலில் வாயில் வருவது, "பல் தேய்க்கிறதில்லையா?" என்பதுதான். தயவுசெய்து அதைக் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கறை எந்தப் பற்பொடிக்கும் போகாது. இந்த மாவட்டத்தின் பாறைகளுக்கு அடியிலிருந்து எடுக்கும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது குடிநீருக்கான மேல்வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில், நிலைப்பல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில் குடித்தால், பல் முளைக்கும்போதே கறையோடுதான் முளைக்கும். பிறகு காலம் முழுக்க மாறாது. அதே தண்ணீரைப் பல வருடம் குடித்த தாத்தா பாட்டிகளுக்கு முதுகும் மூட்டும் இறுகி வளைந்துபோயிருப்பதையும் தெருவில் பார்ப்பீர்கள். 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. இந்தப் பாதிப்பின் பெயர் ஃபுளோரோசிஸ்; ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பல் தேய்க்கவில்லையா என்று ஒரு தடவை வகுப்பில் கேட்கப்பட்ட பிள்ளை பிறகு கை தூக்கிப் பதில் சொல்லாது. வாயைத் திறந்தால்தானே பல் தெரியும்! சத்தமாக வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று குனிந்துகொள்ளும். நாம் அதை வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று மதிப்பெண் பதிவேட்டில் எழுதுவோம். ஊரின் தண்ணீரைத் தெரிந்துகொள்ளாத வாத்தியார் அந்த ஊரின் பிள்ளையைத் தவறாகத்தான் படிப்பார். நீங்கள் அறிவியல் ஆசிரியை. இதைப் பாடமாக்குங்கள். எந்தத் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது, எங்கே இன்னும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருகிறது, எங்கே இரண்டும் ஒரே தொட்டியில் கலந்து வருகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டே ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். தன் பல்லுக்குக் காரணம் தன் சோம்பல் இல்லை, தன் ஊரின் பாறை என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்ளும் நாளில் அது கையை வாயிலிருந்து எடுத்துவிடும். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஊரைத் தெரிந்துகொள்வது என்று நான் சொல்வதெல்லாம் இந்த மாதிரிதான். மாசி, பங்குனியில் புளி உலுக்கும் காலம் வரும். வீட்டுக்கு வீடு புளியின் ஓடு தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை நடக்கும், பிள்ளைகளும் உட்காருவார்கள். அந்த மாதங்களில் வீட்டுப்பாடம் எழுதாமல் வருவதற்கு அதுதான் காரணம். வெயில் காலத்தில் ஊருக்கு ஊர் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளம். அந்த நாட்களில் முதல் இரண்டு பீரியட் வகுப்பே தூங்கும். திட்டுவதற்குப் பதிலாக ஒரு இரவு நீங்களும் பாயை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். தெற்கே நமக்கு வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் தெரியும், இது வேறு. கட்டை கட்டி, கிரீடம் வைத்து, விடியும்வரை அடித்தொண்டையில் பாடுகிற அந்த மனிதர் மறுநாள் காலையில் வரப்பில் மாடு ஓட்டிக்கொண்டு போவார். அவர் மகன் உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பான். விருத்தங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன், செய்யுள் பகுதியில் தோற்றுக்கொண்டிருப்பான். அவன் அப்பாவைக் கூத்தில் பார்த்தேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

சில தெருக்களில் வீட்டுப் பேச்சு கன்னடம், சில இடங்களில் தெலுங்கு. அந்தப் பிள்ளைகளின் தமிழைப் பார்த்துச் சிரிக்க யாரையும் விடாதீர்கள். உங்கள் தென்காசித் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தால் அதை மட்டும் அனுமதியுங்கள். "ஏலே"யும் "வாரியளா"வும் அவர்களுக்குப் பிடிக்கும். கடலைப் பார்க்காத பிள்ளைகள் இங்கே நிறைய. குற்றாலச் சாரலைப் பற்றியும் கடலைப் பற்றியும் சொல்லுங்கள். இந்த ஊரோடு ஒட்டுவதற்காக உங்கள் ஊரை மறக்க வேண்டியதில்லை.

சாதியைப் பற்றி நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எழுதாததால் கேட்கப்படவில்லை என்று நான் நினைக்கவில்லை. "டீச்சருக்கு எந்த ஊரு?" என்பார்கள். "தென்காசியா? அங்க எந்தப் பக்கம்?" என்பார்கள். "அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?" என்பதில் வந்து நிற்கும். வீடு வாடகைக்குக் கேட்டபோதும் இது நடந்திருக்கும். அந்தக் கேள்விக்கு நீங்கள் எந்தப் பதிலைச் சொன்னாலும் ஊரில் பாதிப் பேர் உங்களைத் தங்கள் ஆள் ஆக்கிக்கொள்வார்கள், மீதிப் பேர் விலகிவிடுவார்கள். "நான் ஸ்கூல் டீச்சர்ங்க" என்று சிரித்துக்கொண்டே அங்கேயே நிறுத்துங்கள். மறுபடி கேட்டாலும் அதே பதில். மூன்றாவது தடவை கேட்க மாட்டார்கள்.

நாங்குநேரி உங்கள் பக்கத்து மாவட்டத்து ஊர். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் தலைமையாசிரியரை எந்த ஊரில் நியமிப்பது என்பது வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. தேடி எடுத்துப் படியுங்கள். வடக்கே வந்துவிட்டதால் இது நம்மை விட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். இதே தருமபுரி மாவட்டத்தில், 2012 நவம்பரில், நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணம்தான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எரிந்த வீடுகளுக்குள் பிள்ளைகளின் புத்தகங்களும் சான்றிதழ்களும் இருந்தன. எரித்த கூட்டத்தில் இருந்தவர்களும் ஏதோ ஒரு பள்ளியில் யாரோ ஒரு வாத்தியாரிடம் படித்தவர்கள்தான். அந்த நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

அதனால் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போது, வரிசை முக்கியம். முதலில் காலனிக்குப் போங்கள். ஊர்ப் பெரியவர் வீட்டில் காபி குடித்துவிட்டு, பிறகு நேரமிருந்தால் அந்தப் பக்கம் போகலாம் என்று நினைத்தால் அந்த நேரம் வரவே வராது. நீங்கள் எந்தத் தெருவுக்கு முதலில் போனீர்கள், எந்த வீட்டில் உட்கார்ந்தீர்கள், எங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள் என்பதெல்லாம் அன்று இரவே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். நின்றுகொண்டே பேசிவிட்டு வராதீர்கள், உட்காருங்கள். கொடுத்த டம்ளரில் தண்ணீர் குடியுங்கள். ஊருக்குள்ளிருந்து சிலர் முகம் திருப்பக்கூடும். அவர்கள் வீட்டுக்கும் அடுத்த நாள் போய், அதே மாதிரி உட்கார்ந்து, அதே அன்போடு பேசிவிட்டு வாருங்கள். அவர்கள் பிள்ளையும் உங்கள் பிள்ளைதான். இந்த டீச்சர் எல்லா வீட்டுக்கும் வரும் என்ற பேச்சு நிலைக்க ஓர் ஆண்டு பிடிக்கும். ஒரு தெருவின் டீச்சராக இருப்பது சுலபம், உடனே கிடைக்கும், பாசமும் கொட்டும். அந்தப் பாசத்துக்கு ஆசைப்பட்டு ஏமாந்த நல்ல ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

பள்ளிக்கும் ஊருக்கும் நடுவில் இன்று இருக்கிற சுவர் எப்போதும் இருந்ததில்லை. 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது, அது ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியையும் காசையும் நம்பித்தான் ஓடியது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த நாட்களில், 1958 முதல், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. நிலம் கொடுத்தார்கள், கூரை போட்டார்கள், பெஞ்சும் மணியும் கடிகாரமும் வாங்கித் தந்தார்கள். கையில் காசில்லாதவர்கள் சுவர் எழுப்ப வேலை செய்தார்கள். பழைய பள்ளிகளில் மங்கிப்போன "உபயம்" எழுத்துகளை இன்றும் பார்க்கலாம். உங்கள் பள்ளியின் பழைய பீரோவில் இருப்புப் பதிவேடு இருந்தால் எடுத்துப் பாருங்கள். கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்களிடம் அந்தப் பெயரைக் காட்டுங்கள்.

அந்தப் பழைய உறவுக்கு இன்று சட்டப்படி இருக்கும் வாசல் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதன்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பல இடங்களில் அது கையெழுத்து வாங்கும் சடங்காகிவிட்டது. காரணம் எளியது: நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிற அம்மாக்களை மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? அவர்கள் வந்து உட்காரக்கூடிய நேரத்தைக் கேட்டு வையுங்கள். வந்தால் நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். எவ்வளவு சொன்னாலும் தரையில்தான் உட்காருவேன் என்று சிலர் அடம்பிடிப்பார்கள், அப்போது நீங்களும் தரையில் உட்காருங்கள். அப்பா, அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரிலோ கேரளாவிலோ இருக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிறைய. அந்தப் பெற்றோர் பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் ஆடிப் பதினெட்டுக்கும்தான் ஊருக்கு வருவார்கள். பெற்றோர் கூட்டத்தை அந்த வாரத்தில் வையுங்கள். மற்ற நாட்களில் பாட்டிதான் பெற்றோர். பாட்டிக்கு முன்னேற்ற அட்டையைப் படித்துக் காட்டும்போது கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்று இப்போது சொல்கிறேன்.

ஏப்ரலில் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இந்த மாவட்டத்தில் சில பெண்பிள்ளைகள் காணாமல் போவார்கள். பெங்களூருக்குப் போய்விட்டாள் என்பார்கள், சித்தி வீட்டில் இருக்கிறாள் என்பார்கள். கல்யாணம் முடிந்திருக்கும். பதினைந்து வயது, பதினாறு வயது. அறிகுறிகள் முன்பே தெரியும், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு. பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுப்பது என்று தோழிகள் பேசும்போது ஒருத்தி மட்டும் பேச மாட்டாள். கலர் பென்சிலையும் நோட்டையும் தங்கைக்குக் கொடுத்துவிடுவாள். சத்தமாகச் சிரிக்கிறவள் அமைதியாகிவிடுவாள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். 1098 என்ற எண் உங்கள் போனில் இருக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலரின் எண்ணும் இருக்க வேண்டும். இதில் தயக்கமே கூடாது.

ஆனால் போன் செய்தால் மட்டும் அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்புவாள் என்று நினைக்காதீர்கள். அதிகாரிகள் வந்து, எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் எல்லை தாண்டி எங்கேயோ ஒரு கோயிலில் தாலி ஏறிவிடும். அதற்கு முன்பே அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவர் தேவை. என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்து, கல்யாணம் பேசப்பட்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு அப்படி நான் போனேன். அப்பா, அம்மா இருவரும் வெளியூரில் வேலை. "வயசுக்கு வந்த புள்ளைய எங்கம்மாகிட்ட விட்டுட்டு அங்க எப்படி சார் தூங்குறது?" என்று அந்தத் தகப்பன் கேட்டார். அந்தக் கேள்வியில் கொடுமைக்காரன் யாரும் இல்லை. பயம்தான் இருந்தது. யாரையாவது விரும்பிவிடுவாளோ, அந்த யாரோ வேறு சாதியாக இருந்துவிடுவானோ என்ற பயமும் அதற்குள் இருந்தது. 2012இல் எரிந்த வீடுகளின் புகை அங்கே வரைக்கும் வந்திருந்தது. சட்டத்தைச் சொன்னேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். விடுதியில் இடம் வாங்கித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வருவாள் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தார். அவர் அதை நம்பியதற்குக் காரணம், அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவன்; அவன் காய்ச்சலில் கிடந்தபோது என் மனைவி அந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோயிருக்கிறாள். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள். மாப்பிள்ளை வீட்டார் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது இன்றும் அப்படியேதான்.

டீச்சர், ஊரில் ஒருவராக ஆவது இதற்காகத்தான். என்றோ ஒரு நாள் அந்த ஊரிடம், "இது வேண்டாம்" என்று நாம் சொல்ல வேண்டிவரும். அதுவரை சந்தையிலும் சாவு வீட்டிலும் கூத்து மேடைக்கு முன்னாலும் நீங்கள் இருந்திருந்தால், அந்தச் சொல்லை ஊர் நின்று கேட்கும். நேற்று வந்த டீச்சர் சொன்னால் அது அரசாங்கம் சொல்வது. தங்கள் வீட்டில் களி சாப்பிட்ட டீச்சர் சொன்னால் அதைத் தள்ளுவதற்கு முன் ஒரு ராத்திரியாவது யோசிப்பார்கள். அந்த ஒரு ராத்திரி போதும், பல சமயம். ஊர் நம் மேல் வைக்கும் நம்பிக்கையைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்துக்கொண்டே போய், பணி ஓய்வு நாளில் மாலையாக வாங்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

முழுக்க உள்ளூர்க்காரராக ஆகிவிட முடியாததும் இதில் ஒரு வசதிதான். உள்ளூரில் பிறந்த டீச்சருக்கு அந்த மாப்பிள்ளை வீடு சித்தப்பா வீடாக இருக்கும். அவரால் பேச முடியாது. உங்களால் முடியும். வெளியூர்க்காரி என்ற அந்தக் குறையை நீங்கள் இப்போது பாரமாகச் சுமக்கிறீர்கள். அதை விட்டுவிட வேண்டாம், தேவைப்படும்.

விடுதிகளின் விவரத்தை இப்போதே கையில் எடுத்து வையுங்கள். கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா எங்கே இருக்கிறது, ஆதிதிராவிடர் நலத் துறை விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதி எங்கெங்கே இருக்கின்றன, எப்போது விண்ணப்பம் கொடுப்பார்கள், எந்தக் காப்பாளர் நல்லவர் என்பதெல்லாம் ஏப்ரலுக்கு முன் தெரிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி அம்மாக்களிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினால் செலவுதான் என்று நினைக்கும் வீட்டில் அந்த ஆயிரம் ரூபாய் ஒரு பேச்சையாவது தொடங்கிவைக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரிதான். ஏறத்தாழ 68.5 விழுக்காடு, மாநிலச் சராசரி 80. அந்த இடைவெளியில் ஒரு பங்கு இப்போது உங்கள் முன்னால் பெற்றோர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாட்டிகளுடையது. பேத்திகளுக்கும் அது தொடரக் கூடாது.

2018இல் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரத்தில் ஓர் ஆசிரியருக்கு மாறுதல் வந்தபோது பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்துப் போகவிடாமல் அழுத படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் கண் கலங்கியது. அந்த ஆசிரியர் மதிக்கப்பட வேண்டியவர். ஆனால் அந்தப் படத்தை இலக்காக மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போகும் நாளில் ஊர் அழுமா, அழாதா என்று யோசிக்கத் தொடங்கினால், மாப்பிள்ளை வீட்டாரைப் பகைத்துக்கொள்ளக் கை வராது. அந்தக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வரத்தான் தோன்றும்.

அதைவிட, உங்களுக்குப் பிறகு வரப்போகும் டீச்சரை நினையுங்கள். ஒரு தனி நோட்டுப் போடுங்கள். வருகைப் பதிவேட்டிலும் எமிஸ் இணையதளத்திலும் ஏறாத விஷயங்களை அதில் எழுதுங்கள். எந்தப் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது, எந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்காது, எந்த வீட்டில் அப்பாவிடம் பேசக் கூடாது, அம்மாவிடம் மட்டும்தான் பேச வேண்டும், எந்தத் தெருவில் எந்தத் தண்ணீர், யார் மகன் விருத்தம் பாடுவான் என்று. பெண்பிள்ளைகளின் வீட்டு விஷயங்களை எழுதும் நோட்டைப் பூட்டுப் போட்ட பீரோவில் வையுங்கள். மாறுதல் ஆணை வந்தால் அந்த நோட்டை அடுத்தவர் கையில் நேரில் கொடுத்துவிட்டுப் போங்கள். எனக்கு அப்படி யாரும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வந்த புதிதில் பல மாதங்கள் வெறும் கையோடு தடவிக்கொண்டிருந்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் காலனி முழுவதையும் ஒரு சுற்று முடித்துவிடுங்கள். "நீங்களும் போயிடுவீங்களா" என்று கேட்டவளின் வீடு எங்கே என்று எழுதவில்லையே, அவள் வீட்டுக்கும் போங்கள். அவளுக்கு அக்கா யாராவது இருக்கிறாளா, இருந்தால் எந்த வகுப்பு, அப்பாவும் அம்மாவும் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு வந்து எனக்கு எழுதுங்கள். விடுதி விண்ணப்பத்துக்கு யாரைப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர்
தருமபுரி